மென்நீராக்கியின் பழுதை டி.டி.எஸ். மீட்டர் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை தொடங்கியதும் வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரிப் பகுதிகளில் வீட்டு வாசலில் வந்து விழும் துண்டறிக்கைகளில் ஒரு வகை அண்மைக் காலமாகப் பெருகியிருக்கிறது. கடினநீரை மென்மையாக்கும் பழைய மென்நீராக்கியை, அதாவது வாட்டர் சாஃப்ட்னரைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுத் தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம் என்பதுதான் அவற்றின் சாரம். அப்படிச் சோதிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பை அளக்கும், பேனா அளவிலான டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை மட்டுமே கொண்டுவருகிறார்கள். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மென்நீராக்கி நன்றாக இயங்குகிறதா, பழுதாகிவிட்டதா என்று எவராலும் சொல்ல முடியாது. இதைத் தங்கள் நாளிதழ் வழியாக நம் மாவட்ட மக்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். தோல் பதனிடும் ஆலையொன்றில் கொதிகலனுக்கான நீரைப் பக்குவப்படுத்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆலையில் பெரிய அளவில் நடந்த அதே வேலையைத்தான் நம் வீடுகளின் மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் நிற்கும் இந்தச் சிறிய உருளைகள் செய்கின்றன.

எங்கள் பகுதியில் தனியே வசிக்கும் முதிய அம்மையார் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் நிலைமை விளங்கும். குளியலறைக் குழாய்களில் மறுபடியும் வெள்ளைப் படிவு கட்டத் தொடங்கியதும் அவர் ஒரு விற்பனை நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். வந்த இளைஞர், மென்நீராக்கிக்குள் போகும் தண்ணீரிலும் அதிலிருந்து வெளிவரும் தண்ணீரிலும் மீட்டரை நனைத்து, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண் தெரிவதைக் காட்டி, "பாருங்கம்மா, உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒண்ணாத்தான் இருக்கு, மிஷின் வேலையே செய்யல, இனிமே ரிப்பேர் பண்ணியும் பிரயோசனமில்ல" என்று சொல்லிப் புதிய இயந்திரத்துக்கு முன்பணமும் கேட்டிருக்கிறார். சென்னையிலிருந்து வந்திருந்த மகன் சந்தேகப்பட்டு என்னை அழைத்துப் போனார். உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. மேலே இருந்த உப்பு ஒரே பாறையாக இறுகி நிற்க, அதற்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, அதற்கும் கீழே தேங்கியிருந்த தண்ணீர் உப்பைத் தொடவே இல்லை. மரக்கட்டையால் பாறையைத் தட்டி உடைத்து, அடியில் சேர்ந்திருந்த சேற்றைக் கழுவி, புதிதாக உப்புக் கரைசல் ஊறவிட்டு ஒருமுறை மறுவூட்டம் (உப்பு நீரைப் பாய்ச்சி இயந்திரத்தின் மென்மையாக்கும் திறனை மீட்பது) செய்ததும் இயந்திரம் பழையபடி மென்மையான நீரைத் தரத் தொடங்கியது. செலவு ஒரு மூட்டை உப்பு மட்டுமே.

அந்த இளைஞர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். கற்றுக்கொடுத்தவர்களுக்கு விவரம் தெரியாது என்பதை நம்புவதுதான் கடினமாக இருக்கிறது.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அனைத்தின் மொத்த அளவு. கடினத்தன்மை என்பது அந்த மொத்தத்துக்குள் கால்சியம், மெக்னீசியம் ஆகிய இரண்டின் பங்கு மட்டும். சோப்பை நுரைக்கவிடாமல் தடுப்பதும், கீசரின் காயிலில் பாறை கட்டுவதும், குழாய் முனையில் வெள்ளை படிவதும் இந்த இரண்டின் வேலை. மென்நீராக்கிக்குள் இருக்கும் ரெசின் என்னும் பழுப்பு மஞ்சள் நிறக் குருணைகள், நீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீருக்குள் விடுகின்றன. கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வதே வழக்கம்; அந்தக் கணக்கில் ஒரு லிட்டரில் 100 மில்லிகிராம், அதாவது 40 மில்லிகிராம் கால்சியம், நீங்கினால் 46 மில்லிகிராம் சோடியம் அந்த நீரில் சேர்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைக் கொடுப்பதால் கரைந்துள்ள மொத்த உப்பு குறைவதில்லை. மிகச் சிறிதளவு கூடவும் செய்யும். ஆகவே, செம்மையாக இயங்கும் மென்நீராக்கியின் இரு பக்கங்களிலும் டி.டி.எஸ். ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். மொத்த உப்பைக் குறைப்பது ஆர்.ஓ. இயந்திரத்தின் வேலை. மென்நீராக்கியை டி.டி.எஸ். மீட்டரால் சோதிப்பது, சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வந்தவரை எடை மேடையில் ஏற்றிவிட்டு அனுப்புவது போன்றது.

நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் அதிகமாக நிலவுவதற்குக் காரணம் உண்டு. பழைய வடஆற்காட்டின் பெரும்பகுதி கடும்பாறைப் பூமி. பாறையின் வெடிப்புகளில் தங்கும் நீர் நெடுங்காலம் கல்லோடு உறவாடிக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பதால் ஊற்று ஏறுவதில்லை. போர்களின் ஆழம்தான் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் கழிவுநீர் நிலத்தடி நீரில் சேர்த்த உப்பு தனிக்கதை. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை விரும்பத்தக்கதாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளத்தக்கதாகவும் வகுத்திருக்கிறது. டி.டி.எஸ்.சுக்கு அதே தரத்தில் முறையே 500, 2000 என்பன எல்லைகள். நம் போர் நீர் இவ்விரண்டிலும் உயர்ந்தே நிற்பதால், மீட்டரில் ஓர் ஆயிரத்துச் சொச்சத்தைக் காட்டி வீட்டுக்காரரைக் கலவரப்படுத்துவது யாருக்கும் எளிதாகிவிடுகிறது.

சரியான சோதனை கடினத்தன்மைச் சோதனைதான். கல்லூரி ஆய்வகத்தில் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறங்காட்டியால் ஒயின் சிவப்பாக இருக்கும் நீர் நீலமாக மாறும்வரை எண்ணியது பலருக்கு நினைவிருக்கலாம். அதே முறையில் இயங்கும் சிறு சோதனைப் பெட்டிகள் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும், சில வண்ணமீன் கடைகளிலும் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாமென்றால், வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே ஒரு தோராயச் சோதனை செய்யலாம். குளியல் சோப்பைச் சீவி, பிடித்து வைத்த மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரிலோ கரைத்துக்கொள்ள வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களில் ஒன்றில் போர் நீரையும் மற்றொன்றில் மென்நீராக்கியைத் தாண்டி வரும் நீரையும் பாதியளவு நிரப்பி, இரண்டிலும் சம அளவு கரைசலைச் சொட்டவிட்டுக் குலுக்க வேண்டும். போர் நீர் நுரைக்காமல் வெண்திரியாகத் திரிந்து கலங்கும். மென்நீர் தெளிவாக நின்று, மேலே அடர்ந்த நுரையைத் தாங்கும். இரண்டும் ஒரே மாதிரி திரிந்தால் இயந்திரத்தில் கோளாறு இருக்கிறது என்று அறியலாம். துணி துவைக்கும் பவுடரையோ ஷாம்புவையோ இதற்குப் பயன்படுத்தினால் ஏமாந்துபோவோம்; அவை கடினநீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. துல்லியமான எண் வேண்டுவோர் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்து அறிக்கை பெறலாம். நல்ல நிலையிலுள்ள வீட்டு மென்நீராக்கியிலிருந்து வரும் நீரில் கடினத்தன்மை பெரும்பாலும் 20, 30 மில்லிகிராமுக்குள் இருக்கும். உப்பு மிகுந்த போர் நீரானால் இதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கசிவதும் இயல்பே.

சோதனையில் கோளாறு உறுதியானாலும் அது உடனே இயந்திரத்தை மாற்றுவதற்கான காரணம் ஆகிவிடாது. மறுவூட்டம் முடிந்த கையோடு ஒருமுறையும், இரண்டு மூன்று நாள் கழித்து ஒருமுறையும் சோதித்தால் பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மறுவூட்டம் செய்தவுடன் நீர் மென்மையாக இருந்து, எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே கடினமாகிவிட்டால், உப்பு போதவில்லை அல்லது ரெசினின் கொள்திறன் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். மறுவூட்டம் முடிந்த அந்த நிமிடத்திலேயே நீர் கடினமாக இருந்தால், உப்பு நீர் ரெசினைச் சென்று சேரவே இல்லை, அல்லது கடினநீர் வால்வுக்குள் குறுக்கு வழியில் கசிந்து மென்நீரோடு கலக்கிறது. இந்த இரண்டாம் வகைதான் நம் வீடுகளில் அதிகம் காணப்படுகிறது. சரிசெய்ய மலிவானதும் அதுவே.

உப்பு நீர் உறிஞ்சப்படுகிறதா என்று பார்ப்பது எளிது. மறுவூட்டத்தின் உப்புக் கட்டத்தில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து அது இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் உறிஞ்சு குழலின் துளை, அதாவது மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் என்று சொல்லும் சிறு பகுதி, மண்ணாலோ உப்புச் சேற்றாலோ அடைபட்டிருக்கலாம். கழற்றிக் கழுவி மாட்டினால் போதும். தொட்டியின் மிதவை வால்வு சிக்கியிருக்கலாம். உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்து காற்று புகுந்துகொண்டிருக்கலாம். நம் ஊரில் கிடைக்கும் கல் உப்பில் கரையாத மண்ணும் தூசியும் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால், அதைத் தனி வாளியில் கரைத்துத் தெளியவைத்து, வடிகட்டி ஊற்றுவோரின் இயந்திரங்கள் நெடுநாள் உழைக்கின்றன. தூள் உப்பைக் கொட்டுவோரின் தொட்டிகளில்தான் பாறை சீக்கிரம் கட்டுகிறது. பாறையை இரும்புக் கடப்பாரையால் இடித்துப் பிளாஸ்டிக் தொட்டியின் அடியைப் பெயர்த்த வீடுகளும் உண்டு.

அழுத்தம் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பொருத்தும்போதே நிகழ்ந்துவிடும் இந்தத் தவறு பின்னாளில் இயந்திரத்தின் குறையாகக் கணக்கில் எழுதப்படுகிறது. இன்ஜெக்டர் உப்பு நீரை இழுப்பதற்குப் பொதுவாக ஒன்றரை பார் அளவிலாவது அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்து நீர் ஒரு பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மென்நீராக்கியைக் கோத்துவிட்டால் நான்கைந்து மீட்டர் உயரத்துக்கான அழுத்தம்தான் கிடைக்கும். அரை பார் கூடத் தேறாது. அந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தை வைத்தாலும் உப்பு ஏறாது. சம்ப்பு மோட்டாருக்கும் மாடித் தொட்டிக்கும் இடையே கோத்தால் மோட்டாரின் அழுத்தமே வேலையைச் செய்துவிடும். இல்லையென்றால் தனியாக ஒரு பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். மூன்றாண்டுகளில் இரண்டு இயந்திரங்கள் மாற்றியும் குறை தீரவில்லை என்று புலம்புகிறவர்கள், மூன்றாவதை வாங்குமுன் குழாயின் போக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நீரின் பாதையை மாற்றக் கையால் திருப்பும் மல்டிபோர்ட் வால்வு உள்ளவர்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பினால், உள்ளிருக்கும் ரப்பர் கேஸ்கெட் கிழிந்து, கடினநீர் குறுக்கே கசியத் தொடங்கும். வால்வை மாற்ற வேண்டும் என்று சொல்லப்படும் பல இடங்களில் அந்த கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமானது. தானியங்கி வால்வு உள்ள வீடுகளில் மின்தடைக்குப் பின் கடிகாரம் பிந்திவிடுவதால், நள்ளிரவில் நடக்க வேண்டிய மறுவூட்டம் காலை குளியல் நேரத்தில் நடக்கிறது. அந்த நேரத்தில் வால்வு போர் நீரை நேராக வீட்டுக்கு அனுப்பும். காலையில் மட்டும் தண்ணீர் உப்பாக வருகிறது என்னும் புகாருக்குப் பல சமயம் இதுவே விடை. மென்நீராக்கியைத் தவிர்த்து நீரை நேராக வீட்டுக்கு விடும் பைபாஸ் வால்வைப் பிளம்பர் திறந்து வைத்துவிட்டு மறந்து போனதும் உண்டு. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், ஆனால் இதற்காகவும் இயந்திரம் மாற்றியிருக்கிறார்கள்.

ரெசினுக்கே பழுது வந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால், ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். நல்ல ரெசின் ஒளி ஊடுருவும் உருண்டைக் குருணைகளாக, விரலால் நசுக்கினாலும் உருக்குலையாமல் இருக்கும். மாநகராட்சிக் குடிநீரில் சேர்க்கப்படும் குளோரின் நெடுங்காலம் பட்டால் குருணை ஊதி மென்மையாகி, விரல்களுக்கிடையே கூழாகும். அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். இரும்புச் சத்துள்ள போர் நீரால் குருணை செம்பழுப்பாக மாறியிருந்தால், சிட்ரிக் அமிலத்தாலோ அதற்கென விற்கப்படும் இரும்பு நீக்கியாலோ விவரம் தெரிந்தவரைக் கொண்டு கழுவினால் பெரும்பாலும் மீண்டுவிடும். நீரைக் கீழிருந்து மேலாக விட்டு ரெசினைக் கழுவும் பேக்வாஷின் வேகம் மிஞ்சியதால் ரெசின் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போயிருந்தால், குறைந்த அளவை மட்டும் நிரப்பலாம். வீட்டுக் குழாயில் மஞ்சள் மணல் போல எதுவோ வருகிறது என்றால் உருளையின் அடியிலுள்ள வடிகட்டி உடைந்திருக்கிறது. அதற்கும் தனி உதிரிபாகம் உண்டு. குளோரினும் இரும்பும் அதிகம் தாக்காத ரெசின் எட்டு, பத்து ஆண்டுகள் உழைக்கும். உருளை அதைவிடவும் நீண்ட நாள் இருக்கும். ஆகவே ரெசின் தீர்ந்துபோனாலும், வால்வும் உருளையும் நன்றாக இருக்கும்வரை ரெசினை மட்டும் மாற்றிக்கொள்வதே முறை.

முழுதாக மாற்றியே ஆக வேண்டிய நிலைகளும் இருக்கின்றன. உருளையில் வெடிப்பு விழுந்து நீர் கசிந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. அழுத்தம் தாங்கும் கலத்தில் ஒட்டுவேலை ஆபத்தானது. வேலூர் வெயிலில் நிழலின்றி மொட்டை மாடியில் ஆண்டுக்கணக்கில் நின்ற இழைக்கண்ணாடி உருளைகளின் மேற்பரப்பு பொரிந்து நார் தெரியத் தொடங்கியிருக்கும். அவற்றைக் குறித்து எச்சரிக்கை வேண்டும். புதிதாக வைப்பவர்கள் ஒரு தகரக் கூரையாவது போட்டுக்கொள்ள வேண்டும். உதிரிபாகம் எங்குமே கிடைக்காத வால்வு, குடும்பம் பெருகியதால் போதாமல்போன கொள்ளளவு ஆகியனவும் நியாயமான காரணங்களே.

கொள்ளளவைப் பற்றி வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. இதற்குள் எத்தனை லிட்டர் ரெசின் இருக்கிறது? வீட்டுப் பயன்பாட்டில் வழக்கமாகப் போடும் உப்பின் அளவுக்கு ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள போர் நீரில் அது 2,500 லிட்டரை மென்மையாக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 540 லிட்டர் செலவானால் நான்கரை நாளுக்கு ஒருமுறை மறுவூட்டம் தேவைப்படும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் "ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏற்றது" என்று மட்டும் அச்சிட்டு விற்பதற்குப் பொருளே இல்லை. கடினத்தன்மை 200 உள்ள ஊரில் ஆறு நாள் தாங்குவது 800 உள்ள ஊரில் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். துவைக்கும் இயந்திரத்தின் குழாயிலோ ஷவரிலோ மாட்டும் சிறு குடுவைகளையும் இதே கணக்கால் அளந்துவிடலாம். அதற்குள் அரை லிட்டர் ரெசின் இருந்தால் 500 கடினத்தன்மையுள்ள நீரில் 50 லிட்டரோடு அதன் வேலை முடிந்துவிடும்.

பருவம் மாறும்போது நீரும் மாறுகிறது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஊறிய நீரின் கடினத்தன்மையும், சித்திரையில் போர் வற்றி ஆழத்திலிருந்து ஏறும் நீரின் கடினத்தன்மையும் ஒன்றாக இருப்பதில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் சம்ப்பில் காவிரி நீரும், வராத நாளில் போர் நீரும், இரண்டும் இல்லாதபோது லாரித் தண்ணீரும் நிரம்புகிற வீடுகளில் வாரத்துக்குள்ளேயே வேறுபாடு இருக்கும். மார்கழியில் வாரம் ஒருமுறை மறுவூட்டம் போதுமாக இருந்த இயந்திரத்துக்குச் சித்திரையில் மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்பட்டால் அது பழுது ஆகாது. பரிமாற்றச் சலுகைத் துண்டறிக்கைகள் கோடையில் மட்டும் வருவது தற்செயலாகவும் இருக்கலாம்.

இன்னும் இரண்டு விற்பனை உத்திகளைக் குறித்து வாசகர்களை எச்சரிக்க விரும்புகிறேன். இரண்டு ஜோடி உலோகக் கம்பிகளைக் கண்ணாடி டம்ளர்களில் நுழைத்து மின்சாரம் பாய்ச்சி, நம் வீட்டுத் தண்ணீர் செம்பழுப்புச் சேறாக மாறுவதையும், அவர்களுடைய நீர் தெளிவாக நிற்பதையும் காட்டுகிறார்கள். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. கம்பியிலிருந்த இரும்பு மின்சாரத்தால் அரிக்கப்பட்டு வெளியேறியது. உப்புள்ள நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், ஆர்.ஓ. நீரில் பாயாது, அவ்வளவே வேறுபாடு. அடுத்தது, உப்பே போட வேண்டாத மின்காந்த, மின்னணுக் கருவிகள். இவை கால்சியத்தையோ மெக்னீசியத்தையோ நீரிலிருந்து எடுப்பதில்லை. அவற்றைத் தாண்டி வரும் நீரின் கடினத்தன்மை முன்பிருந்த எண்ணையே காட்டும். படிவு ஒட்டாமல் தடுக்கும் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னால், ஒட்டினால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பொருத்தலாம்.

இதுவரை சொன்னது வீட்டுக்காரரின் பணத்தைப் பற்றியது. ஊரின் நிலத்தடி நீரைப் பற்றிய ஒன்று பேசப்படாமலேயே போகிறது. மேற்சொன்ன 25 லிட்டர் ரெசினை ஒருமுறை மறுவூட்டம் செய்ய லிட்டருக்கு 150 கிராம் வீதம் ஏறக்குறைய 4 கிலோ உப்பும், பேக்வாஷுக்கும் அலசலுக்குமாகச் சுமார் 200 லிட்டர் தண்ணீரும் செலவாகின்றன. நான்கரை நாளுக்கு ஒருமுறை என்று கொண்டால் ஓராண்டில் ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் உப்பு கால் டன்னைத் தாண்டும். இந்தக் கழிவு எங்கே போகிறது என்று பார்த்தால் பல வீடுகளில் வாழை மரத்தடியிலோ, உறிஞ்சு குழியிலோ, எல்லாவற்றையும்விடக் கொடுமையாக மழைநீர் சேகரிப்புத் தொட்டியிலோ போய் முடிகிறது. 2003-இல் மாநிலமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட அந்தத் தொட்டி நல்ல நீரை நிலத்துக்குள் இறக்குவதற்காக அமைந்தது. அதன் வழியாக உப்பை இறக்கினால் அதே வளாகத்தின் போரிலும் அண்டை வீட்டுப் போரிலும் அது திரும்ப ஏறும். தோல் ஆலைகளின் உப்பு பாலாற்றைக் கெடுத்ததற்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் நாடே எடுத்துக்காட்டும் தீர்ப்பைப் பெற்ற மாவட்டம் இது. ஆலையில் இருந்தவன் என்ற முறையில் அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் உள்ளிருந்து அறிந்தவன். அதே உப்பை வீட்டு வாசலில் சில்லறையாக இறக்குவதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. கழிவுக் குழாயைச் சாக்கடை இணைப்பில் சேர்ப்பதும், கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மென்நீராக்கிக்கு முன்னாலேயே தனிக்குழாய் பிரித்துவிடுவதும் கடினமான வேலைகள் அல்ல. குளியல், துவைப்பு, கீசர் ஆகியவற்றுக்கு மட்டும் நாளொன்றுக்கு 300 லிட்டர் மென்நீர் போதுமென்றால் மறுவூட்டம் எட்டு நாளுக்கு ஒருமுறையாகும், உப்பும் பாதியாகக் குறையும். சோடியம் சேர்ந்த நீர் செடிகளுக்கும் ஆகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை அப்படியே குடிக்கவும் கூடாது. சமையலுக்கும் குடிக்கவும் காவிரி நீரையோ ஆர்.ஓ. நீரையோ பயன்படுத்தலாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. விற்பவர்கள் மூன்று விவரங்களையாவது ரசீதிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும்: ரெசினின் அளவு லிட்டரில், பொருத்திய அன்று உள்நீரிலும் வெளிநீரிலும் இருந்த கடினத்தன்மை, ஒரு மறுவூட்டத்துக்கு வேண்டிய உப்பு. பழைய இயந்திரத்தை மாற்றச் சொல்லும்போதும் கடினத்தன்மைச் சோதனையின் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். ரசீதும் சோதனை முடிவும் கையில் இருந்தால், தவறான தகவல் சொல்லி விற்றதாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து முறையிடுவது கடினம். துண்டறிக்கை பார்த்து அழைக்கிறவர்களில் பெரும்பாலோர் ரசீதே வாங்குவதில்லை, வரி மிச்சமாகிறது என்று அதில் ஒரு திருப்தி வேறு.

மாநகராட்சியிடமும் குடிநீர் வடிகால் வாரியத்திடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பொது ஆழ்துளைக் கிணறுகளின் நீரையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் மழைக்குப் பின் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் சோதித்து, வார்டு வாரியாகக் கடினத்தன்மை, டி.டி.எஸ்., இரும்பு ஆகிய மூன்று எண்களை மட்டும் மண்டல அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அந்தப் பட்டியலை உள்ளூர்ப் பக்கத்தில் வெளியிடலாம். தம் வார்டின் எண் தெரிந்தவர் எத்தனை லிட்டர் ரெசின் வேண்டும் என்று தாமே கணக்கிட்டுக்கொள்வார், மீட்டரோடு வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். மென்நீராக்கியின் கழிவு மழைநீர்த் தொட்டிக்குள் விடப்படுகிறதா என்பதை, கட்டட அனுமதிக்காகவும் சொத்துவரிக்காகவும் வீடுகளைப் பார்வையிட வரும் அலுவலர்கள் அந்தத் தொட்டியைப் பார்க்கும் அதே நேரத்தில் கவனித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.